மத்தளம் கேளாத கருவி

விடிய விடிய ஆடிய கூத்தின் ஒளிப்பதிவைக் கட்டளை வரியில் ஓடவிட்டு, காட்சி வாரியாகப் பிரித்தாயிற்று என்று சொல்லும் பழக்கம் இப்போது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஆவணக்காரரைத் தொற்றியிருக்கிறது. களுதாவளையில் ஒரு வீட்டு விறாந்தையில், படுவான்கரையில் எடுத்த ‘கர்ணன் போர்’ கூத்துப் பதிவின் பட்டியலை மடிக்கணினியில் காட்டிய தம்பி சொன்னார்: “இனி ஆரும் முழிச்சிருந்து பாக்கத் தேவையில்ல ஐயா.” எனக்குப் பிரச்சினை கருவியோடு அல்ல, அந்தப் பேச்சோடு.

கருவியின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காட்சி பிரிக்கப் பயன்படும் எஃப்எஃப்எம்பெக், பைசீன்டிடெக்ற் இரண்டும் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். எட்டு மணித்தியாலப் பதிவில், செக்கனுக்கு 25 படம் வீதம், 7,20,000 படங்கள். அத்தனையையும் சலிக்காமல் ஒப்பிடுவது மனிதரால் ஆகாது. தொலைக்காட்சிச் செய்தி, திரைப்படம், கலியாண வீடியோ என்றால் இதைவிடக் கைகொடுக்கும் உதவி கிடையாது.

ஆனால் அது எதை ஒப்பிடுகிறது? பைசீன்டிடெக்ற்றின் ‘உள்ளடக்க’ முறை அடுத்தடுத்த இரு படங்களின் நிறம், நிறச்செறிவு, வெளிச்சம் ஆகியவற்றின் வித்தியாசத்தைச் சராசரியாக்கி, அது 27ஐத் தாண்டினால் கோடு போடுகிறது. எஃப்எஃப்எம்பெக் 0 முதல் 1 வரை புள்ளி கொடுக்கிறது, 0.3க்கும் 0.5க்கும் இடையில் வரம்பு வையுங்கள் என்கிறது அதன் கையேடு. இந்தக் கணக்கில் ஒலிக்கு இடமே இல்லை. இந்த ஆய்வு வளர்ந்த களமும் வேறு. அமெரிக்கத் தர நிறுவனம் நடத்திய ட்ரெக்விட் ஒப்பீடுகளில் 2001 முதல் 2007 வரை இது ஒரு தனிப் பணியாக இருந்தது. அவர்கள் வைத்த பெயர் நேர்மையானது: ஷாட் எல்லை. கமெரா எங்கே வெட்டுகிறது என்பதே கேள்வி. அதைக் ‘காட்சி’ என்று மாற்றி எழுதிய இடத்தில்தான் பொய் நுழைந்தது.

கூத்தில் கமெரா வெட்டுவதில்லை. வட்டக்களரியின் ஓரத்தில் ஒரு முக்காலியில் அது நிற்கும். கர்ணன் வரவை கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் முதலில் சொல்லும், சல்லரி அதைப் பிடிக்கும், தாளக்கட்டு மாறும், அதன் பிறகே ஆட்டக்காரர் களரிக்குள் இறங்குவார். அவர் சுற்றி ஆடித் தீர்மானம் வைத்துப் பாட்டெடுக்கும்வரை படத்தில் மாறுவது ஒரு மூலையில் ஓர் உடுப்பின் மினுக்கம் மட்டும். 27க்கு அது கிட்டவும் வராது. தம்பியின் பட்டியலில் கர்ணன் வரவே இல்லை. இருந்தவை: மினி டிவி (MiniDV) கசற் மாற்றிய இடம், ஜெனரேற்றர் ஒரு கணம் மங்கிய இடம், மாலை போட வந்தவரின் முதுகு கமெராவை மறைத்த இடம், படம் எடுத்தவரின் பிளாஷ். அறுபது நிமிடக் கசற் எப்போது தீர்ந்தது என்று கருவிக்குத் தெரிந்திருக்கிறது; கர்ணன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

வரம்பைக் குறைத்தால் சரிவரும் என்பது வழக்கமான பதில். குறைத்துப் பார்த்தோம். லைற்றைச் சுற்றிய ஈசல்கூடக் காட்சியாயிற்று. உயர்த்தினால் கசற் மாற்றம் மட்டும் மிஞ்சியது. இடையில் நல்லதொரு எண் இருக்கும் என்று நம்புவது, காது கேளாதவரின் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்ப்பது போன்றது. நரம்பு வலையமைப்பில் ஓடும் ட்ரான்ஸ்நெற் போன்ற புதியவையும் படத்தைத்தான் பார்க்கின்றன. சத்தம் அடங்கும் இடத்தைத் தேடித்தரும் வசதி எஃப்எஃப்எம்பெக்கில் தனியே உண்டு. விடியும்வரை சத்தம் அடங்காத களரியில் அது எதைத் தேடும்?

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்தை மேடைக்குக் கொண்டுபோனபோது அது சுருங்கியது என்று குறைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சுருக்கத்தைச் செய்தவர்கள் அண்ணாவிமாரோடு உட்கார்ந்து, அவர்களைக் கேட்டுச் செய்தார்கள். இங்கே கேட்பதற்கே ஆளில்லை. நாலு பேர் ஓர் இரவு முழித்திருக்கப் பஞ்சிப்பட்டதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர்.

அன்று விறாந்தையில் வயதான அண்ணாவியார் ஒருவரும் இருந்தார். படம் தெரியாத பக்கமாகக் கதிரையைப் போட்டு, வெற்றிலை மென்றபடி. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மெல்லுவதை நிறுத்தினார். “இந்தா வாறான், மனே” என்றார். திரையில் அப்போது வெறுங்களரி. சற்றுக் கழித்துத்தான் கர்ணனின் முடி ஓரத்தில் தெரிந்தது.

தம்பி அவசரமாக நேரத்தைக் குறித்துக்கொண்டார். அடுத்த வரவு யாருடையது என்று அவர் கேட்டபோது, அண்ணாவியார் உள்ளே போய்ப் பிளாஸ்ரிக் பை சுற்றிய கூத்துக் கொப்பியைக் கொண்டுவந்து மடியில் விரித்தார். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது.