அச்சத்தின் நிலைக்களன்: 'விடாது கருப்பு' தொடரை மீளக் காணல்

இளமையிற் கண்டு அஞ்சிய ஒன்றை முதிர்ந்த பின்னர் மீண்டும் காணுதல் திறனாய்வாளனுக்கு வாய்க்கும் அரியதோர் ஆய்வுக் களமாகும். காணப்படும் பொருள் மாறாது நிற்பக் காண்போன் மாறி நிற்கின்றான். ஆதலின், முன்னும் பின்னும் தோன்றும் வேறுபாடு காண்போன் மாட்டுப் பிறந்ததோ, பொருளினுள்ளே முன்னரே மறைந்து கிடந்ததோ என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை, 'மர்மதேசம்' என்னும் பொதுப்பெயருடன் வந்த தொலைக்காட்சித் தொடர்களுள் ஒன்றாகிய 'விடாது கருப்பு' என்பதனைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். தொலைக்காட்சித் தொடர் தமிழ்த்துறையார் ஆராயத்தக்க பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். கூத்தினையும் நாட்டுப்பாடலையும் புறத்தே நிறுத்தியிருந்து, பின்னர் அவற்றின் பெருமை கண்டு அகத்தே அழைத்துக்கொண்ட துறை நம் துறை என்பதனை நினைவிற் கொள்ளின் அவ்வையம் நீங்கும்.

1993ஆம் ஆண்டு தொடங்கப் பெற்ற சன் தொலைக்காட்சியில், 1990களின் பிற்பகுதியில் இத்தொடர் வாரந்தோறும் ஒளிபரப்பாயிற்று. கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது, இயக்கம் நாகாவினுடையது, தயாரிப்பு, கே. பாலசந்தர் தொடர்புடைய மின்பிம்பங்கள் நிறுவனத்தினது. கதையாசிரியர் 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார். அவர் மறைவுச் செய்தியே இத்தொடரை முழுமையாக மீளக் காணுமாறு இக்கட்டுரையாளனைத் தூண்டிற்று.

கதை நிகழிடம் தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூர். அவ்வூரின் காவல் தெய்வம் கருப்பு. தவறு செய்தாரைக் கருப்பு குதிரைமீது வந்து தண்டிக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஏற்ப இறப்புக்கள் நிகழ்கின்றன. கதைமாந்தன் ஒருவனது இளமைக் காலமும் வளர்ந்த காலமும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. இறுதியில், தெய்வச் செயல் எனப் பட்டதற்கு உளமருத்துவ நெறி நின்று விளக்கம் தரப்படுகின்றது. பிளவுபட்ட மனம் ஒன்றே மறைபொருளுக்கு விடையாகின்றது.

இத்தொடரை முதற்கண் கண்டபோது எமக்கு அகவை பத்து. தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சில. அண்டை வீட்டுக் கூடத்தில் இருந்து கண்டு, இடையிலுள்ள இருபது அடித் தொலைவைக் கடந்து எம் வீட்டு வாயிலை அடைதற்குள் குளம்பொலி பின்தொடர்வது போலத் தோன்றும். எம்முடன் இருந்து கண்ட பாட்டியார் அஞ்சியதில்லை. "தப்புப் பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" என்பார். அச்சொல் அன்று ஆறுதலாக இருந்தது; இன்று அதனுள் ஓர் இடர்ப்பாடு உண்டெனக் காண்கின்றோம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

அச்சத்தை ஆராயப் புகுவார்க்குத் தமிழில் தொன்மையானதோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன் உரைத்தார். அச்சத்துக்கு உரியவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இறை என்பதனுள் அரசனே அன்றித் தந்தை, ஆசிரியர் முதலாயினாரையும் உரையாளர் அடக்குவர். எனவே, நம்மின் மேற்பட்டு நம்மை ஒறுக்கும் ஆற்றலுடையார் எவரும் இறையே என்க. இனி, நுகர்வோன் எய்திய உணர்வு காண்போனைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் கருத்தினைச் செயிற்றியனார் கூற்றாக இளம்பூரணர் எடுத்தாள்கின்றார். காண்போனிடத்தே சென்று முடிவது மெய்ப்பாடாயின், காண்போன் மாறியவழி மெய்ப்பாடும் மாறுதல் இயல்பே.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், இளமையில் எம்மை நடுக்கியது அணங்கு என்பது வெளிப்படை. கையில் அரிவாளும் ஏறுதற்குக் குதிரையும் உடைய தெய்வம், இருள், ஒலி என்பனவே அன்று மனத்தில் நின்றன. முப்பது ஆண்டுகட்கு அண்மையில் கழிந்த பின்னர் மீளக் கண்டபோது அவை பெரிதும் ஆற்றல் இழந்திருந்தன. காட்சிகள் மெல்ல நகர்கின்றன. பின்னணி இசை ஒரே குறிப்பைப் பலகால் உரைக்கின்றது. ஈண்டு நின்றுவிடின், 'இளமையில் அஞ்சினோம், இன்று அஞ்சிலோம்' என்னும் எளிய முடிபே கிட்டும். பலரும் இவ்வாறே கூறி அமைகின்றனர். ஆயின், எம் பட்டறிவு அஃதன்று. அச்சம் நீங்கிற்றிலது, இடம் பெயர்ந்தது. குதிரை வரும் காட்சிகளில் வாராத நடுக்கம், மறுநாட் காலையில் ஊரார் கூடி நின்று பேசும் காட்சிகளில் வந்தது.

அதன் காரணத்தை ஆராய்வாம். ஊரில் ஒருவன் இறந்துபடுகின்றான். அவன் கருப்பால் தண்டிக்கப்பட்டான் என ஊர் கருதுகின்றது. கருப்பு தவறிழைத்தாரையே தண்டிக்கும். ஆதலின் இறந்தவன் தவறிழைத்தவன் என்று துணியப்படுகின்றது. தவற்றுக்குச் சான்று யாது? தண்டனையே சான்று. இவ்வட்ட வாதத்தின் உள்ளே புகுந்துவிட்ட ஊரில் எவரையும் எவரும் கொல்லலாம், வினவுவார் இரார். பாட்டியார் கூறிய ஆறுதலின் இடர்ப்பாடும் இதுவே. 'தவறு செய்யாதவர்க்கு அச்சம் இல்லை' என்பது, 'அச்சத்துக்கு ஆளாயினார் தவறு செய்தவரே' என எளிதில் திரிந்துவிடுகின்றது. எனவே, முதிர்ந்தார் அஞ்சத்தக்கது குதிரைமேல் வரும் அணங்கன்று. வினவாது அமைந்திருக்கும் ஊர். அவ்வூரே ஈண்டுத் 'தம் இறை' ஆகின்றது. நால்வகை நிலைக்களனுள் முதலாவதனின் நீங்கி இறுதியானதனைச் சென்று சேர்ந்தது எம் அச்சம்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். கருப்பு வழிபாடு உண்மையில் இத்தகைய குருட்டு நம்பிக்கையன்று. அஃது எளியார்க்கு எஞ்சியிருந்த அறமன்றம் என்பார் உளர். அவர் கூற்றும் ஆராயத்தக்கதே. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் உருவமின்றி, அடைத்த கோபுரக் கதவுகளிலேயே வழிபடப்படுகின்றான். வழக்குடையார் அவன் முன்னின்று சூளுரைத்துத் தம் பூசல்களைத் தீர்த்துக்கொள்வர். கோயிலுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் உள்ள உறவினைத் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் விரித்துரைத்துள்ளார். எழுத்தும் பொருளும் இல்லாதான் ஏறமுடியாத நீதிமன்றப் படிக்கு மாற்றாக, அவன் ஏறக்கூடிய பதினெட்டுப் படிகள் இருந்தன எனின் அது மிகையாகாது. தொல்காப்பியனார் வெகுளிக்கு உரைத்த உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் எளியார் நாளும் உற்ற துன்பங்களே. தாம் வெளியிட மாட்டாத வெகுளியை அவர் தெய்வத்தின் கையில் அரிவாளாகக் கொடுத்தனர். ஒருபுறத்தார்க்கு வெகுளியாவது மறுபுறத்தார்க்கு அச்சமாயிற்று. இவ்வுண்மையை ஏலாது, இத்தொடர் மூடநம்பிக்கை பரப்பிற்று என்று ஒதுக்குவார் கூற்றினை யாம் உடன்படுகிலோம்.

எனினும், சூளுரைக்கும் மன்றத்துக்கும் தோட்டக்காரமங்கலத்துக்கும் வேறுபாடு உண்டு. சூளுறவில் இருதிறத்தாரும் தெய்வத்தின் முன் நிற்கின்றனர், இருவரும் பேசுகின்றனர். தொடரில் வரும் ஊரிலோ தண்டிக்கப்பட்டான் தன் சொல்லை உரைக்க இடமில்லை. இவ்வேறுபாட்டினைத் தெளிதற்குச் சிலப்பதிகாரம் துணைபுரியும்.

இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரின் ஐவகை மன்றங்களை இளங்கோவடிகள் காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று பூதசதுக்கம். பொய்த்தவ வேடத்தார், மறைவில் தீநெறி ஒழுகும் பெண்டிர், அறைபோகும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் என்னும் அறுவகையாரையும் பூதம் கயிற்றாற் கட்டிப் புடைத்து உண்ணும். கருப்பின் முன்னோன் இப்பூதம் எனல் தகும். ஆயின், அடிகள் அதனோடு அமைந்தாரல்லர். அடைக்கலக் காதையில், பொய்ச்சான்று உரைத்த ஒருவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாய் உற்ற துயர் பொறாது, தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு கோவலன் வேண்டினான் என்று மாடலன் வாயிலாகக் கூறுகின்றார். பூதம் இசையவில்லை, அவனை உண்டது. கோவலன் அத்தாயையும் சுற்றத்தையும் பல்லாண்டு புரந்தான். இறந்தவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. எனினும் அவனுக்காகப் பேச ஒருவன் இருந்தான். அவ்வாறு பேசிய கோவலனே பின்னர் மதுரையில் ஆராய்ச்சி இன்றிக் கள்வனாகக் கொல்லப்பட்டான். அவனுக்காகப் பேச அங்கு ஒருவரும் இலர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரு நூலுள் வைத்த அடிகளின் உள்ளம் ஆராய்வார்க்குப் புலனாகும்.

தோட்டக்காரமங்கலத்தில் பூதம் உண்டு; கோவலன் இல்லை. இதுவே அக்கதையின் உண்மையான அச்சம் என்பது எம் துணிபு. இறுதியில் தரப்படும் உளமருத்துவ விளக்கம் 'செய்தவர் யார்?' என்னும் வினாவுக்கு விடை தருகின்றது. 'இத்துணைக் காலம் ஊர் ஏன் வினவாதிருந்தது?' என்பதற்கு அது விடையன்று. நோய் ஒருவர் மனத்தது. வினவாமை ஊர் முழுவதன் மனத்தது. நோயுற்றார்க்கு மருத்துவர் உளர். ஊருக்கு மருத்துவர் யார்? தொடர் இவ்வினாவை எழுப்பி முழுதும் விடுக்காது நின்றுவிடுகின்றது. இதனைக் குறையென்பாரும் உளர். நோயுற்ற ஒருவரைக் காட்டி ஊரை விடுவித்தல் எளிய வழி என்ற அளவில் குறையே. எனினும், விடுக்கப்படாத அவ்வினாவே இன்றும் இத்தொடர் மீளக் காணத்தக்கதாய் நிற்றற்குக் காரணம் என்பதும் உண்மை.

முதற்கண் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். வேறுபாடு காண்போன்பாலும் உண்டு, பொருளினுள்ளும் உண்டு. ஊராரின் அமைதி அன்றும் திரையில் இருந்தது. பத்து அகவைச் சிறுவனுக்கு அது காட்சியாகப் படவில்லை. பெரியவர்கள் பேசாதிருத்தல் சிறுவனுக்கு இயல்பாகத் தோன்றும். தானும் அப்பெரியவருள் ஒருவனாகிய பின்னரே, பேசாதிருத்தல் ஒரு செயல் என்பது அவனுக்குப் புலனாகின்றது. ஓர் இளையோனின் கண்ணையும் வளர்ந்தோனின் கண்ணையும் மாறிமாறிக் காட்டும் அத்தொடரின் அமைப்பே, மீளக் காண்பானது இந்நிலையைத் தன்னுள் கொண்டிருத்தல் வியப்புக்குரியது.

புகாரின் ஐவகை மன்றங்களுள் பாவை மன்றம் என ஒன்று உண்டு. அரசன் முறை பிழைப்பினும், அறங்கூறும் அவையம் ஒருபாற் சாயினும், அங்குள்ள பாவை வாய்திறவாது கண்ணீர் உகுக்கும். பூதம் தண்டிக்கும், பாவை அழும். தண்டிப்பதனை மட்டும் வைத்துக்கொண்டு அழுவதனை இழந்த ஊர் எத்தகையதாகும் என்பதனைத் 'விடாது கருப்பு' காட்டுகின்றது. அண்டை வீட்டுக் கூடத்தில் இருந்து கண்ட சிறுவன் குதிரைக்கு அஞ்சினான். அவன் அஞ்சியதில் பிழையில்லை. யாம் அஞ்ச வேண்டுவது பிறிதொன்று. காவல் தெய்வக் கதைகள் பலவும் திரையிலும் தொலைக்காட்சியிலும் இன்று மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகின்றன. அவற்றை ஆராயப் புகும் இளம் ஆய்வாளர், தெய்வம் யாரைத் தண்டித்தது என்பதனோடு, தண்டிக்கப்பட்டானுக்காகப் பேசியவர் எவர் என்பதனையும் ஒவ்வொரு கதையிலும் தேடிக் காண்பாராக.