தோட்டத் தமிழில் ஆங்கிலச் சொற்கள்: அசையும் ஈறும்

ஊவா மாகாணத் தோட்டங்களிலே வழங்கும் ஆங்கிலச் சொற்களைச் ‘சிதைவு’ என ஒதுக்கும் போக்கு நம் விமர்சகர் சிலரிடம் இன்றும் உண்டு. இலக்கண நோக்கிலும் வரலாற்று நோக்கிலும் இப்போக்கு மறுக்கத்தக்கதாகும்.

ஆங்கிலத்தில் ‘லைன்’ ஓரசைச் சொல். பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களிலே அது ‘லயன்’ எனவும் ‘லயம்’ எனவும் வழங்குகின்றது. ஐகாரம் ‘அய்’ என ஒலித்தல் நன்னூல் அறிந்த போலி. ல, யம் என இரண்டாகப் பிரிந்தபோதும் யாப்பின்படி அது நிரையசை ஒன்றேயாம். ஈற்று மாற்றமோ இன்னும் கருதத்தக்கது. னகரமும் மகரமும் உறழ்தல் நிலம், நிலன் என நூலோர் காட்டும் கடைப்போலியே. மகர ஈறு பெற்றதும் இச்சொல் மரம், குளம் என்பவற்றின் இனத்தைச் சேர்ந்துவிட்டது: ‘லயத்தில்’ என அத்துச்சாரியை ஏற்கின்றது, மரக்கிளை போல ‘லயக்காம்பரா’ எனப் புணர்கின்றது. (காம்பரா போர்த்துக்கேயர் வழிவந்தது.) கல்வி மறுக்கப்பட்ட மக்கள் செவிவழி செய்துகொண்ட ஆக்கம் இது. இதனை ‘லைனில்’ எனத் திருத்துவோர் சொல்லை மீண்டும் ஆங்கிலமாக்குகின்றனர்.

‘பரேட்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும. பொருளை வேறுபடுத்தும் சொல்லழுத்தம் தமிழில் இல்லை. எனவே நெடில் குறுகி, வல்லினம் இரட்டித்து, குற்றியலுகரம் பெற்றுப் ‘பிரட்டு’ ஆயிற்று. படையணிக்குரிய சொல் காலையில் ஆள் கணக்கிட்டு வேலை பகிரும் களத்திற்குப் பெயரானமை பெருந்தோட்ட உற்பத்தியமைப்பின் இயல்பை நன்கு காட்டும்.

யாழ்ப்பாணத்திலும் வழங்கும் ‘கிளாக்கர்’ என்ற சொல்லில் ஆங்கில மூலத்தில் இல்லாத ஓர் உறுப்பு உள்ளது. ‘டீமேக்கர்’ போன்றவற்றின் ஒப்புமை காரணமாகலாம். ஆயினும் ‘அர்’ தமிழ்ச் செவிக்கு மரியாதை ஈறு. தோட்டத்திலே அதன்மேல் ‘ஐயா’வும் ஏறுகின்றது!

ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) முதலியவற்றை மதிப்பிடுவோர் இச்சொற்களை வட்டார நிறமூட்டும் அணிகளாக மட்டுமே கொள்ளுதல் போதாது. அவற்றில் உழைப்பு உறவுகளின் வரலாறு படிந்துள்ளது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் கம்பெனிகளின் முகாமைக்குச் சென்றன. இம்மாற்றங்களின் பின்னரும் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றின் முகவரி லயமாகவே இருக்கின்றது.