வினாவுக்கு எதிர்வினா
(அறிவுத் தேர்வுப் புதிர்களும் அன்றாடப் பேச்சும்)

வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்து வைத்தவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர். ஆறனுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ என்று காணக் கேட்பது அது. அடுத்தது அறியா வினா; தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்க இன்று நமக்கு இரு களங்கள் வாய்த்திருக்கின்றன. ஒன்று, நம் பிள்ளைகள் பள்ளியிலும் வேலைத் தேர்விலும் எதிர்கொள்ளும் அறிவுத்திறன் புதிர். மற்றொன்று, காலை முதல் இரவு வரை கைப்பேசியில் நடைபெறும் அரட்டை. இரண்டிலும் ஒரு சொல் பல பொருள் தருகிறது. ஒன்றில் அதற்கு மதிப்பெண் குறைகிறது, மற்றொன்றில் “என்ன சொல்ல வருகிறாய்?” என்று கேட்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

புதிரையும் ஒரு பனுவலாகக் கொண்டு, செய்யுளை ஆராய்வதுபோல் ஆராய்ந்தால் என்ன என்று நமக்குத் தோன்றியது. எளிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆடு, மாடு, கோழி, புலி: இவற்றுள் பொருந்தாதது எது? வினா தொடுத்தவர் புலி என்று எண்ணியிருப்பார்; மற்றவை வீட்டில் வளர்பவை. கோழி என்பாரும் உளர். அதற்குக் கால் இரண்டே. சற்றுத் தமிழ் படித்த பிள்ளையாயின் ஆடு என்றும் சொல்லலாம். அது பெயராகவும் நிற்கும், ‘நடனம் ஆடு’ என ஏவல் வினையாகவும் நிற்கும். மாடு என்பதற்கோ செல்வம் என்னும் பொருள் உண்டு. திருக்குறளே அப்பொருளில் அச்சொல்லை ஆண்டிருக்கிறது. ஆக நான்கு விடைகளுக்கும் நான்கு காரணங்கள். காரணம் எழுத இடமில்லாத தாளில் மூன்று காரணங்கள் பிழையாகிவிடுகின்றன.

இங்கே தொல்காப்பியம் நமக்குப் பெருந்துணை செய்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல் எப்பொருளில் வந்தது என்று தெளிவதற்குக் கிளவியாக்கம் வழி கூறுகிறது. அச்சொல்லோடு வரும் வினை, உடன் வரும் இனம், அது சொல்லப்படும் சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்பது அதன் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. ‘பொருந்தாதது எது’ என்னும் புதிர் என்ன செய்கிறது? வினையைக் களைந்துவிடுகிறது; சார்பையும் களைந்துவிடுகிறது. இனம் ஒன்றையே விட்டுவைத்து, அந்த இனமும் எது என்று நம்மையே ஊகிக்கச் சொல்கிறது. பொருள் தெளிய நம் முன்னோர் காட்டிய வழிகளுள் இரண்டை அடைத்துவிட்டு, மூன்றாவதன் வாயிலில் பூட்டையும் போட்டுவிட்டு, உள்ளே வர இயலாதவனை அறிவு குறைந்தவன் என்பது எவ்வகையில் முறை?

இது வெறும் சொற்பந்தல் அன்று என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி சான்று. 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் சோவியத் உளவியலார் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தானுக்குச் சென்று, எழுத்தறியாத உழவர் பலரைக் கண்டு ஆராய்ந்தார். அந்த ஆய்வு நெடுநாள் வெளிவராமல் கிடந்து 1974-இல்தான் நூலாயிற்று. அவர் காட்டிய படங்களுள் ஒரு தொகுதி: சுத்தியல், அரம்பம், கோடரி, மரக்கட்டை. எது பொருந்தாதது? பள்ளி சென்றவர்கள் மரக்கட்டை என்றார்கள், மற்றவை கருவிகள். எழுத்தறியாத உழவரோ எதனையும் விலக்க உடன்படவில்லை. அரம்பம் அறுக்கும், கோடரி பிளக்கும், கட்டை இல்லாமல் இவற்றால் என்ன பயன் என்பது அவர் வழக்கு. வேறொருவர் கருவிகள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தாரே என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டியபோது, அவரிடம் விறகு நிறைய இருக்கும் போலும் என்ற கருத்துப்பட அவ்வுழவர் மறுமொழி தந்தார்.

இந்த மறுமொழியை நாம் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் அலுக்கவில்லை. தேர்வாளர் இனத்தால் படித்தார். உழவர் வினையால் படித்தார். இரண்டும் தொல்காப்பியர் ஏற்ற வழிகளே. லூரியாவும் அவரை அறிவிலி என்று தள்ளிவிடவில்லை. பள்ளிக் கல்வி பொருள்களை வகைப்படுத்தும் பழக்கத்தையே மாற்றிவிடுகிறது என்பதே அவர் கண்ட முடிவு. அவர் அம்முடிவுக்கு எப்படி வந்தார்? உட்கார்ந்து பேசினார். ஒரு விடை வந்ததும் ‘ஏன்’ என்றார். மறுப்பு வந்ததும் வேறொரு வழியில் கேட்டார். அதே படங்களை அச்சிட்டு, நான்கு கட்டங்களுள் ஒன்றில் குறியிடச் சொல்லியிருந்தால், அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு தவறான குறி மட்டுமே. விறகைப் பற்றிய அந்த அருமையான வாதம் மறைந்தே போயிருக்கும்.

அறிவுத் தேர்வின் வரலாற்றிலேயே இந்தப் பேச்சு மெல்ல மெல்லக் கழன்று போனதைக் காணலாம். பிரான்சு நாட்டு ஆல்பிரெட் பினே, சைமன் என்பவருடன் சேர்ந்து 1905-இல் அமைத்த சோதனை, ஒரு குழந்தையும் ஒரு தேர்வாளரும் எதிரெதிரே அமர்ந்து வாய்மொழியாக நிகழ்த்துவது. பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். மக்களைத் தரவரிசையில் நிறுத்துவது அன்று. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குக் கூட்டங்கூட்டமாகத் தேர்வு நடத்தினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்க்கும், அங்கே புதிதாகக் குடியேறியவர்க்கும் படத்தாலான தனித் தாள் கொடுத்து, விளக்கங்களைக் கைச்சாடையாலேயே காட்டினார்கள். ஒரு படத்தில் டென்னிஸ் ஆடுகளம். நடுவில் வலை இல்லை. விடுபட்டதைத் தீட்டு என்பது வினா. டென்னிஸ் என்ற விளையாட்டையே பார்த்திராத ஊரிலிருந்து கப்பலேறி வந்தவன் எதைத் தீட்டுவான்? “ஐயா, இது என்ன இடம்?” என்று கேட்க அவனுக்கு மொழி இல்லை, மொழி இருந்தாலும் கேட்க இடமில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவன் நிலை சொல்லாமலே விளங்கும்.

எண் தொடர்ப் புதிரில் இந்த ஐயம் இல்லை என்று சிலர் கூறுவர். எண்ணுக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை என்பது அவர் துணிவு. 1, 2, 4, 8, 16 என்று தந்து அடுத்த எண் யாது என்றால் 32 என்று எவரும் சொல்வர். ஆனால் ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகளை இட்டு, ஒவ்வொரு புள்ளியையும் மற்றெல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைத்து, மூன்று கோடுகள் ஓரிடத்தில் கூடாதபடி பார்த்துக்கொண்டு, வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு 32 அன்று, 31! ஓய்வு நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து, தாளில் வரைந்து எண்ணிப் பார்க்கத் தக்க வேடிக்கை இது. எளிய விதியே சரியான விதி என்று தேர்வு நடத்துவோர் விடையிறுக்கலாம். 2, 4, 6, 8 என்பதன் பின் 10 எழுதாமல் வாதாடுபவனுக்கு நாமும் பரிந்து பேசப் போவதில்லை. எனினும் எது எளிது என்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது. புதிர் பல விடுவித்துப் பழகிய பிள்ளை, தனக்குத் தோன்றும் இரண்டாம் விடையை அடக்கிவிட்டு, வினா எழுதியவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. அதுவும் ஒரு திறமைதான். அதற்கு அறிவு என்று பெயரிடுவதில்தான் நமக்குத் தயக்கம்.

பொருள் மயங்குவதையே நாம் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். தமிழ் அதைக் கலையாக்கிய மொழி. தொல்காப்பியர் விடுகதையைப் பிசி என்னும் பெயரால் பாட்டோடும் உரையோடும் சேர்த்துச் செய்யுள் வகையுள் ஒன்றாக வைத்தார். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி என்றும் பிரிமொழி என்றும் பகுத்தது. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கியபோது, இரு பொருளையும் கண்டவனையே நல்ல வாசகன் என்று கொண்டாடினோம். விடுகதையிலோ, பாட்டி நினைத்த விடை வேறாக இருந்தாலும், பேரன் சொன்னது பொருந்திவிட்டால், “அடே, அதுவும் சரிதான்” என்று அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்போர் விடமாட்டார்கள். அதே மயக்கம் நூலில் நேர்ந்தால் நன்னூலார் விடவில்லை. மயங்க வைத்தல் என்று பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணினார். குற்றம் எழுதியவனுடையது, படிப்பவனுடையது அன்று. அறிவுத் தேர்வு மட்டும் நூலைப் போல எழுதப்பட்டு, விடுகதையைப் போல மயங்கி, குற்றத்தைப் படிப்பவன் தலையில் ஏற்றுகிறது.

இனி அரட்டைக்கு வருவோம். பொருள் மயக்கம் அங்கே இன்னும் மிகுதி. நம் குடும்பங்களில் வழங்கும் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லையே கொள்ளுங்கள். நோய் தணிந்தது என்றும் பொருள்படும். தாங்கிக்கொள்கிறேன் என்றும் பொருள்படும். நீ வந்து என்ன ஆகப் போகிறது, விடு என்றும் பொருள்படும். ஊரிலிருந்து “அம்மா பரவாயில்லை” என்று ஒரு வரி கைப்பேசியில் வந்தால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் மகன் எதனைக் கொள்வான்? முற்காலத்தில் தந்தி சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கேட்டது. அதனால் சுருக்கமாக எழுதினோம். 2013-இல் தந்திச் சேவையும் நின்றுவிட்டது. இப்போது சொல்லுக்குக் காசு இல்லை. ஆயினும் செய்தி தந்தியைவிடக் குறுகிவிட்டது. சில நேரம் ‘ம்’ என்ற ஓர் எழுத்தோடு முடிகிறது. நேர்ப்பேச்சில் அந்த ‘ம்’மை இழுத்துச் சொன்னால் ஒரு பொருள், வெட்டிச் சொன்னால் ஒரு பொருள். எழுத்தில் அந்த ஓசை இல்லை.

ஆயினும் இங்கே ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. வடபுலத்தில் பிறந்து வளர்ந்த பேத்தி, தமிழ் எழுத்துத் தட்டத் தெரியாமல், ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்புகிறாள் என்று கொள்வோம். அவ்வெழுத்தில் மலையும் மாலையும் ஒன்றே. ழகரம் வாராத பிள்ளையாயின் மழையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். இந்தி பேசும் தோழியர் நடுவே அது பாலேட்டையும் குறிக்கும்! திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி இதற்காகப் பேத்திக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. “மலையா, மாலையா, மழையா கண்ணு?” என்று கேட்கிறாள். மறு நொடியில் மழை என்று தெளிந்துவிடுகிறது. குடை கொண்டு போனாயா என்று பேச்சும் வளர்கிறது.

பாட்டி செய்ததற்கு இலக்கணத்தில் பெயர் உண்டு. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்று தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார். நன்னூலாரும் தம் எட்டு விடைகளுள் அதற்கு ஓர் இடம் தந்தார். உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டில், “செய்வாயா?” என்றவனிடம் “செய்யேனோ?” என்று கேட்டு உடன்பாட்டை உணர்த்துவதே அது. தெளிவு வேண்டிக் கேட்பதையும் அப்பெயருள் அடக்கி நாம் சற்றே நீட்டிக்கொள்கிறோம், புலவர்கள் பொறுத்தருள்க. எழுத்தே ஆட்சி செய்யும் நம் அலுவலகங்களிலும் இவ்வாயில் அடைபடவில்லை. கோப்பில் எழுதிய குறிப்பு இரு பொருள் பட்டால் மேலதிகாரி ஓரத்தில் ‘நேரில் பேசுக’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். எத்தனையோ தவறான ஆணைகள் அந்த இரு சொற்களால் தடுக்கப்பட்டிருக்கின்றன.

தேர்வுக் கூடத்தில் அவ்விரு சொற்களுக்கு இடமில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அது அறிவுத்திறன் தேர்வு அன்றாயினும் செய்தி ஒன்றே. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது அதன் விதி. 2018-இல் அத்தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை என்ற வழக்கு எழுந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தருமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. தாளின் முன் அமர்ந்து, ‘இச்சொல் என்ன?’ என்று ஒரு பிள்ளை ஒரு நொடியில் கேட்டிருக்கக்கூடிய வினா, இரண்டு நீதிமன்றங்களின் படி ஏறி இறங்கியது. பணியாளர் தேர்வாணையம் தன் தேர்வுகள் முடிந்தபின் தற்காலிக விடைக் குறிப்பை வெளியிட்டு, கட்டணத்தோடு மறுப்புரை பெறுகிறது. காலம் கடந்து வரும் எதிர்வினா எனினும், அதை வரவேற்கிறோம். நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவது குறைவு என்பதே வருத்தம்.

புதிர் வகைகளுள் நம் மதிப்பில் உயர்ந்து நிற்பது ஒன்று உண்டு. வங்கித் தேர்வுகளில் வருவது அது. ஒரு வினாவும் இரண்டு செய்திகளும் தந்து, விடையைக் கேளாமல், விடை காண இச்செய்திகள் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். ‘போதாது’ என்பதும் அங்கே ஒரு விடை. அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. பயிற்சிப் புத்தகங்களில் அந்தப் பகுதி வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். போதாது என்று எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கூடம் அவர்களைப் பழக்கவில்லை.