பாலாவும் பல்லாவும்

இத்தாலிய மொழியில் 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. எழுத்தில் ஒரு 'எல்' கூடினால் மண்வாரி பந்தாகிவிடும். 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. படத்தையும் பட்டத்தையும் காதாலேயே பிரித்தறிந்து வளர்ந்த நமக்கு இது எளிது. ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் வீட்டுக் குழந்தை இங்கேதான் தடுக்கி விழும். அந்தக் குழந்தைக்கு இத்தாலியச் சொற்களைக் கற்பிக்கச் சொற்புதிர்களைக் கொடுக்கிறார்கள். இந்த இரட்டித்த ஒற்றெழுத்தைப் பிடிக்க அவை உதவுகின்றனவா?

குறுக்கெழுத்து உதவுகிறது. இத்தாலிய மொழிக்கு 21 எழுத்துகள்தாம். எழுதியதை ஏறக்குறைய அப்படியே படிக்கலாம். படத்தில் பந்தைப் பார்த்துவிட்டு ஒற்றை 'எல்' போட்ட குழந்தைக்குக் கடைசிப் பெட்டி ஒன்று காலியாக நிற்கும். 'ஈ' ஒலிக்கு முன் வரும் 'சி'யைச் 'ச' என்றுதான் படிக்க வேண்டும். 'க' வேண்டுமென்றால் நடுவே ஒரு 'எச்' வர வேண்டும். 'கியாவே' (சாவி) எழுதும்போது அதை மறந்தாலும் இதே கதைதான். ஆசிரியர் வாய் திறக்காமலேயே பெட்டி திருத்திவிடுகிறது. ஒலியும் எழுத்தும் ஊடிக் கிடக்கும் ஆங்கிலத்தில் குறுக்கெழுத்துக்கு இந்த வேலை அவ்வளவு எளிதாக வராது.

எழுத்துக் குவியலில் சொல் தேடும் புதிரைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. பட்டியலில் உள்ள சொல்லின் உருவம் கட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கண் தேடுகிறது. வாய்க்கும் காதுக்கும் வேலையில்லை. பொருள் தெரியாமலேயே எல்லாச் சொற்களையும் வட்டமிட்டு முடிக்கலாம். இடமிருந்து வலமாகப் படிக்க இப்போதுதான் பழகிய ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லைத் தலைகீழாகவும் கோணலாகவும் ஒளித்து வைப்பது விளையாட்டா, தண்டனையா? மழைநாளில் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்க உதவும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இத்தாலியர்களிடம் புதிருக்குப் பஞ்சமில்லை. 1932இல் மிலானில் தொடங்கிய 'லா செத்திமானா எனிக்மிஸ்திகா' என்ற புதிர் வார இதழ் இன்றும் வருகிறது. அவர்களின் புதிர் மரபில் ஓர் எழுத்தை உதறுவதற்கு 'ஸ்கார்த்தோ' என்று பெயர். பல்லா பாலாவாவது அதுதான். எழுத்தை மாற்றினால் 'காம்பியோ': 'கானே' (நாய்) 'பானே' (ரொட்டி) ஆகும். குழந்தை இரண்டையும் உரக்கச் சொல்லாமல் விளையாட முடியாது. ஜான்னி ரொதாரி 1962இல் வெளியிட்ட 'தொலைபேசிக் கதைகள்' நூலில் ஒரு நாடு வருகிறது. அங்கே பொருள்களின் பெயருக்கு முன் 'எஸ்' சேர்ந்தால் அவற்றின் வேலையே தலைகீழாகும்: பென்சில் சீவும் கத்தி பென்சிலை வளர்க்கும், பீரங்கி போரைக் கலைக்கும். ஓர் எழுத்து பொருளைப் புரட்டுவதை இதைவிட நன்றாக எந்தக் கட்டமும் காட்டியதில்லை.

குறுக்கெழுத்திலும் ஓட்டைகள் உண்டு. சொல்லின் கடைசி உயிரெழுத்தின் மேல் இடும் அழுத்தக்குறியைக் கட்டத்தில் விட்டுவிடுவது வழக்கம். அந்தச் சிறு கோடு போனால் அப்பா போப்பாண்டவராகிவிடுவார். அதைவிடப் பெரிய இழப்பு, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு. 'மானோ' (கை) ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால். 'லா மானோ' என்று சேர்த்துக் கேட்ட பிள்ளைக்குத்தான் அது தெரியும். புதிரில் மட்டும் படித்த பிள்ளை அதை ஆண்பாலாக்கிவிடும். இத்தாலிய மொழியின் மிக நீண்ட சுட்டுக்கே மூன்று எழுத்துதான். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் மூன்று பெட்டிகளைச் சேர்த்து வரைய அச்சகத்துக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?