'கெட்' எங்கே ஒளிந்துகொள்ளும்?

ஆங்கிலத்தின் 'கெட்' என்ற வினையை எஸ்பெராண்டோவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதலில் எரிச்சல்தான் வரும். கடிதம் வந்தால் ரிட்செவி, அதாவது பெறுதல். முயன்று அடைந்தால் அக்கிரி. களைத்துப்போனால் இரண்டுமே உதவாது. களைப்பின் வேரோடு 'இஜ்' ஒட்டைச் சேர்த்து லட்ஸிஜி என்று கட்ட வேண்டும். கல்யாணம் ஆனால் இன்னும் வேடிக்கை. பழைய முறைப்படி ஆணுக்கு எட்ஸிஜி (கணவனாதல்), பெண்ணுக்கு எட்ஸினிஜி (மனைவியாதல்).

இதைப் பார்த்து 'கெட்'டுக்கே சொல் இல்லாத ஏழை மொழி என்பது அவசரத் தீர்ப்பு. 1887இல் வார்சாவில் இதை வெளியிட்ட கண் மருத்துவர் சாமன்ஹோஃப், கொஞ்சம் வேர்களையும் ஒட்டுகளையும் கையில் கொடுத்து 'நீயே கட்டிக்கோ' என்று விட்டுவிட்டார். அந்த ஒட்டுகளில் எனக்குப் பிடித்த ஜோடி, செய்விக்கும் 'இக்'கும் தானே ஆகும் 'இஜ்'ஜும். எழுத்தில் வித்தியாசம், ஜி மேல் ஒரு குட்டித் தொப்பி. நமக்கு இது புதுசு இல்லை: திருந்து, திருத்து. பள்ளிக்கூடத்துத் தன்வினை, பிறவினை.

எஸ்பெராண்டோ ஆர்வலர்கள் இதைத் 'தெளிவு' என்று கொண்டாடுவார்கள். அந்தத் தெளிவிடம் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து வெளியே வந்தேன். இருபது நிமிட மீட்டிங். ராஜினாமாக் கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் என்னுடையது. நண்பனுக்கு எழுதிய ஆங்கில மெயிலில் 'காட் அவுட்' என்று போட்டேன். தப்பித்தேனா, தள்ளினார்களா என்று அவனும் கேட்கவில்லை. வீட்டில் "வேலை போயிடுச்சு" என்றேன், என்னவோ மழை நின்றுபோன மாதிரி. அம்மா மட்டும் விடவில்லை: "போச்சா, நீயா விட்டியா?"

பின்னாளில் பயிற்சிக்காக அதே மெயிலை எஸ்பெராண்டோவில் எழுதிப் பார்த்தபோது அம்மாவின் கேள்வி திரும்ப வந்து நின்றது. தானாக விலகினால் எக்ஸிஜி. விலக்கினால் எக்ஸிகி. காகிதத்தின்படி முதலாவது, நடந்தது இரண்டாவது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக்குள் சுகமாக ஒளிந்திருந்தவன், இங்கே ஒரு தொப்பிக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒளிதலும் மெயிலின் பொருளில் ஒரு பகுதிதானே? அதை எந்த ஒட்டில் கொண்டுவருவது?

ஆனால் இந்த மொழியையும் அவ்வளவு கறாரானது என்று சொல்லிவிட முடியாது. 'ஓனி' என்று ஒரு பிரதிப்பெயர் வைத்திருக்கிறது; யாரோ, எவரோ, பெயர் வேண்டாம். தொப்பியை எடுத்துவிட்டு எழுவாயாக ஓனியைப் போட்டேன். 'என்னை விலக்கினார்கள்.' யார் என்று அதிலும் இல்லை.