வெந்நீர் ஊற்றுகளின் மரப்பொம்மை: கொகேஷிப் பரம்பரைகளும் அவற்றின் அளவுகோலும்

ஜப்பானின் வடபுலமான தொஹோகுவில், அஒமோரி முதல் ஃபுகுஷிமா வரையிலான ஆறு மாகாணங்களின் மலையூர்களில் கடையப்படும் கொகேஷி, உருண்டைத் தலையும் உருளை உடலும் மட்டுமே கொண்ட, கைகால் இல்லாத மரப்பொம்மையாகும். கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்த கிஜிஷி என்னும் கடைசல்காரர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெந்நீர் ஊற்றுகளுக்கு வந்த உழவர்களிடம் விற்பதற்காக இதைச் செய்யத் தொடங்கினர். வேளாண்வேலை ஓய்ந்த நாட்களில் அரிசியும் மிசோவும் கட்டிக்கொண்டு வந்து, விடுதியில் தாமே சமைத்து உண்டு, பல நாள் நீராடி உடல்வலி தீர்த்துக்கொள்ளும் அவர்களுடைய வழக்கம் தோஜி எனப்பட்டது. ஊர் திரும்புகையில் பிள்ளைகளுக்கென அவர்கள் வாங்கிச் சென்ற எளிய பண்டம் இது. ஊற்றுக்கு ஊற்று மலை குறுக்கிட்டதாலும், தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் சென்றதாலும், ஒவ்வோர் ஊரின் வடிவமும் தனித்து நின்றது. இன்று ஆய்வாளர்கள் பகுக்கும் 11 அல்லது 12 பரம்பரைகளில் பெரும்பாலானவை ஊற்றூர்களின் பெயரையே தாங்கியுள்ளன.

இவற்றுள் தொழில்நுட்பத்தால் தலைசிறந்தது மியாகி மாகாணத்து நருகோ பரம்பரை. மிஸுகி என்னும் வெண்ணிற மரத்தைப் பட்டை உரித்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்பே கடைவர். உடலைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அதன் குழியைவிடச் சற்றே பருத்த தலைமுளையைக் கடைசல்காரர் கையால் அழுத்த, உராய்வின் சூட்டில் மரம் இளகி முளை உள்ளே இறங்கிவிடும். பின்பு அது கழன்று வாராது, திருகினால் மட்டும் கீச்சென்று ஒலிக்கும். அந்த ஒலியும், தோளருகே உள்ள படியும், உடலில் அடுக்கடுக்காய்த் தீட்டிய செவ்வந்திப் பூவும் நருகோவின் முத்திரைகள்.

ஃபுகுஷிமாவின் ட்சுச்சியுப் பொம்மைக்குத் தலை சிறியது, உடல் மெலிந்தது. உச்சந்தலையில் கரிய வளையங்கள் இருக்கும். தோகத்தாவில் பெரிய தலைமேல் சிவப்புக் கீற்றுகள் இதழ்போல் விரியும். யஜிரோவில் ஆண்கள் கடைந்ததைப் பெண்கள் சுமந்துசென்று அருகிலுள்ள கமாசகி ஊற்றில் விற்றனர். அகிதாவின் கிஜியாமாப் பொம்மை தலையும் உடலும் ஒரே கட்டையில் கடையப்படுவது. இவாத்தேயின் நன்பு பரம்பரையிலோ தலை தளர்வாக ஆடும். பழைய வழக்கில் அதற்கு வண்ணமே கிடையாது.

பழைய பொம்மைகளில் செய்தவர் பெயர் இராது என்பதால், வடிவையும் தூரிகைப் போக்கையும் கொண்டே எந்தக் குடும்பத்தின் கைவேலை என்று காணவேண்டியிருந்தது. செந்தாய் நகரத்தவரான அமாஎ தொமியா 1928இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிகோலியது. 1959இல், யஜிரோ அடங்கிய ஷிரோஇஷி நகரத்தில் தொடங்கிய அனைத்து ஜப்பான் போட்டி, மரபுவழிப் பொம்மைகளையும் கலைஞர் தம் கற்பனையில் செய்யும் புத்தாக்கப் பொம்மைகளையும் தனித்தனிப் பிரிவுகளாக மதிப்பிடுகிறது. மரபுக்கைவினைகளுக்கான 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மியாகியின் மரபுக் கொகேஷி 1981இல் தேசிய மரபுக்கைவினையாக அறிவிக்கப்பட்டது.

மரபுக் கொகேஷியின் அளவுகோல் நுணுக்கமோ புதுமையோ அன்று. உடல்வடிவும் பூவேலையும் பரம்பரைக்கு உரியவை. அவற்றை மாற்றுபவர் பரம்பரையை விட்டு வெளியேறுகிறார். முகம் மட்டுமே கலைஞருக்கு உரியது. கண்ணிமை ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா என்பதையும் பரம்பரை சொல்லித்தரக்கூடும். அக்கோடு எவ்வளவு வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது தூரிகை பிடித்த கையைப் பொறுத்தது. ஒரே ஆசானிடம் பயின்ற இருவரின் பொம்மைகளை அருகருகே நிறுத்தினால் ஒன்று புன்னகைக்கவும் மற்றொன்று வெறித்து நோக்கவும் காண்பது இதனால்தான். சேகரிப்போர் முதலில் முகத்தையே பார்ப்பது முற்றிலும் சரி.