குளிசையும் கீழ்ப்படிதலும்

கண்டி நகருக்குக் கிளினிக் நாளில் வருவோரை விடியற்காலைப் பஸ்களிலேயே இனங்கண்டுகொள்ளலாம். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் வரும் பஸ்களில், பொலித்தீன் பையிற் சுற்றிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வயது சென்றவர்கள் அமர்ந்திருப்பார்கள். சீனி வருத்தம், பிரஷர், நெஞ்சு வருத்தம் என்று கொப்பிகளுக்குள்ளே பல பெயர்கள். வரிசையில் நின்று, வைத்தியரை இரண்டொரு நிமிடம் கண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் மறுபடியும் வரிசையில் நின்று, குளிசைப் பொட்டலங்களுடன் திரும்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது இரத்தத்திற் சீனி குறையவில்லை என்றால் அவர்களை நோக்கி எழும் முதற் கேள்வி ஒன்றே: "குளிசை ஒழுங்காகப் போட்டீர்களா?"

நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பது வைத்திய உலகில் நெடுநாளாக ஒலித்துவரும் முறைப்பாடு. மருந்தொழுங்கைக் குறிக்க ஆங்கில வைத்தியர்கள் முன்பு வழங்கிய சொல்லுக்குத் தமிழில் 'இணங்கி நடத்தல்' என்று பொருள் கூறலாம். 'கீழ்ப்படிதல்' என்றாலும் தவறில்லை. பின்னர் அச்சொல் மரியாதைக் குறைவானதெனக் கைவிடப்பட்டு, 'பற்றி நிற்றல்' என்னும் பொருளுடைய வேறொரு சொல் அதன் இடத்தைப் பிடித்தது. சொல் மாறிற்று. சொல்லின் பின்னே நின்ற மனப்பான்மை எவ்வளவு மாறிற்று?

இக்கேள்வியை இன்று எழுப்பக் காரணமுண்டு. நோயாளியின் மனநலத்தையும் மருந்துண்ணும் ஒழுங்கையும் ஒருசேர உயர்த்துவதற்கான திட்டங்கள் பல நாடுகளிற் பரீட்சித்துப் பார்க்கப்படுகின்றன. மனஞ்சோர்ந்தவன் மருந்தை மறக்கிறான், மருந்தை மறந்தவனுக்கு நோய் முற்றுகிறது, நோய் முற்றியவன் மேலும் சோர்கிறான் என்பது இவற்றின் அடிப்படை. இதில் உண்மை இல்லாமலில்லை. நம் கண்டிப் பிரதேசத்துக்கும் இத்தகைய திட்டம் வருமானால் அதனை எவ்வாறு எடைபோடுவது? அதற்கு முன், தமிழ் வழங்கும் ஊரொன்றையும் உள்ளடக்கி நடந்த ஒரு பரீட்சையைப் பார்ப்பது பயன்தரும்.

'இன்டிபென்டென்ட்' என்று பெயரிடப்பட்ட அப்பரீட்சை சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டில்லி ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு நிலையங்களில் நடந்தது; முடிவுகள் 2020ஆம் ஆண்டில் வெளியாயின. நீரிழிவு கட்டுக்கடங்காமலும் மனச்சோர்வு மிகுந்தும் இருந்த 404 பேர் சீட்டுக்குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான வைத்தியத்துடன், வைத்தியரல்லாத ஓர் உதவியாளர் ஓராண்டு காலம் துணைநின்றார். அவர் நோயாளியோடு பேசினார்; மனக்குறையைக் கேட்டார்; மருந்துண்பதில் என்ன இடையூறு என்று விசாரித்தார். இரண்டாண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் குறிப்பிட்ட அளவு சீரடைந்தவர்கள் இப்பிரிவில் நூற்றுக்கு 72 பேர். மற்றப் பிரிவில் 57 பேர்.

இந்த எண்களை அவசரமாக வாசிப்பவர், "பார்த்தீர்களா, நல்ல வார்த்தை நாலு சொன்னால் நோயாளி திருந்துவான்" என்பார். அவ்வாறு வாசிப்பது தவறு. அப்பரீட்சையில் உதவியாளர் தனியே நிற்கவில்லை. நோயாளர் ஒவ்வொருவரின் நிலையையும் நீரிழிவு வைத்தியரும் மனநோய் வைத்தியரும் அவருடன் கூடியிருந்து ஆராய்ந்தார்கள். மருந்தின் அளவைக் கூட்டவும் மாற்றவும் ஆலோசனை கூறினார்கள். எவருக்கு எப்போது மருந்து மாற்றப்படவேண்டும் என்பதை நினைவூட்டக் கணினிப் பதிவேடு ஒன்றும் இருந்தது. அதாவது, இணங்கி நடக்கும்படி நோயாளியைக் கேட்டதோடு வைத்திய நிலையமும் இணங்கி நடந்தது. வெற்றியில் எவ்வளவு பங்கு ஆறுதல் மொழிக்கு, எவ்வளவு பங்கு வைத்தியரின் விழிப்புக்கு என்று பிரித்துரைக்க அப்பரீட்சையால் இயலாது. வழக்கமான வைத்தியம் பெற்றோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் என்பதையும் மறக்கலாகாது. சென்னை நிலையம் ஒரு தனியார் நிலையம் என்பதும் குறிக்கத்தக்கது. பரீட்சைக்கு வந்தவர்கள் அத்தகைய நிலையத்தின் வாயிலை எட்ட முடிந்தவர்கள்.

வாயிலை எட்ட முடியாதவர்களிடம் மருந்து நடந்து சென்ற வரலாறும் அதே நகரத்துக்கு உண்டு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், ஏழை நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும் மறு பிரிவினரை அவர்தம் நெருக்கமான வீடுகளிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் காற்றும் இருந்தன; வீட்டில் அவை இல்லை. ஆயினும் வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் வெளிவந்த அறிக்கை காட்டிற்று. படிப்பறிவற்ற ஏழை மருந்துண்ண மாட்டான் என்ற பழிச்சொல்லுக்கு அது தக்க விடை. ஆனால் அந்நிலையத்தாரே நோயாளரின் சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே சென்றதா என்று பார்த்ததும், பின்னர் உலகெங்கும் பரவிய 'கண்ணெதிரே விழுங்க வைத்தல்' என்னும் முறைக்கு அங்கேயே வழி பிறந்ததும் உண்மை. நம்பிக்கையும் கண்காணிப்பும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. மருந்து போதும், உணவு வேண்டியதில்லை என்று அந்த அறிக்கையைத் திரித்து வாசிக்கச் சிக்கன அரசாங்கங்களுக்கு எவ்வளவு வசதி!

இனிக் கண்டிக்குத் திரும்புவோம். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் நீரிழிவுக்காரி ஒருத்தி காலைக் குளிசையைப் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் அதனை 'மறதி' என்றோ 'அலட்சியம்' என்றோ பதியும். அவளைக் கேட்டால் வேறு கதை வரும். சீனியைக் குறைக்கும் சில குளிசைகளைப் போட்டுவிட்டு உண்ணாதிருந்தால் தலைசுற்றி விழ நேரிடும். செங்குத்தான மலையிற் கூடையுடன் விழுவது விளையாட்டல்ல. வீட்டில் மாவு இல்லாத நாளில் அவள் குளிசையையும் விடுகிறாள். இது மூடத்தனமா? பிரஷருக்குத் தரும் மருந்துகளிற் சில அடிக்கடி சிறுநீர் போக வைப்பவை. மலையில் மலசலகூடம் ஏது? ஆண்கள் நிற்கும் இடத்தில், கங்காணியின் பார்வையில், பெண்ணொருத்தி எங்கே ஒதுங்குவாள்? ஆகவே வேலை நாளில் அந்தக் குளிசையை மாலைக்குத் தள்ளுகிறாள். மாலையில் மறந்தும் போகிறாள். அவளுடைய நாளை அறிந்த வைத்தியர் மருந்தை மாற்றியிருப்பார்; அறியாதவர் அவளைக் கண்டிப்பார்.

கிளினிக்குக்கு வந்தால் அன்றைய 'பேர்' இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கே 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. கிடைத்த பின்னரும், ஒரு பேருக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களிற் தொழிலாளர் முறையிட்டனர். நிறை குறைந்தால் அரைப்பேர். ஆக, இலவச வைத்தியத்துக்கு அவள் ஒரு நாட்கூலியையும் பஸ் கட்டணத்தையும் விலையாகக் கொடுக்கிறாள். வந்தபின் மொழி. தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறிற்று. மருந்துறைமேல் எழுதப்படும் இரண்டு வரிக்கு அது இன்னும் எல்லா இடத்தும் வந்து சேரவில்லை.

இனி மனநலம். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாக்கள், கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, களைப்பு உண்டா என்று கேட்கின்றன. பகலெல்லாம் மலையேறியவளிடம் களைப்பு உண்டா என்று கேட்டு, அவள் ஆம் என்றதும் ஒரு புள்ளி போட்டுக்கொள்வதில் என்ன விஞ்ஞானம்? சோர்வு என்னும் நோய் இல்லை என்று நான் வாதிக்கவில்லை. தோட்டத்தில் அது நிறைய உண்டு; அதனைப் பேய் பிடித்ததென்றும் சோம்பல் என்றும் தள்ளிவிட்ட பாவம் நம்முடையது. "நெஞ்சு கனக்குது" என்று ஒரு பெண் கூறும்போது அது இருதயமா, கடனா, குடிகாரக் கணவனா என்று கேட்டறியக்கூடிய ஒருவர் வேண்டும். அவர் அவளுடைய மொழியில் கேட்கவேண்டும். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் நோயைக் காட்டியபோது, அந்த நோய் யாரால் வந்தது என்பதையும் சேர்த்தே காட்டினார். ஒன்பது வினாக்களில் அந்த வினா இல்லை.

மருந்தே இல்லாத காலத்தையும் நாம் கண்டோம். அந்நியச் செலாவணி வற்றி நாடு தத்தளித்த 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. கிளினிக் நோயாளர் துண்டை எடுத்துக்கொண்டு வெளிமருந்துக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். வாங்க முடிந்தவர் வாங்கினர். முடியாதவர் ஒரு குளிசையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டனர். அந்த மாதங்களில் ஒருவர் அவர்களின் மருந்தொழுங்கை அளந்திருந்தால் அளவுகோல் எதைக் காட்டியிருக்கும்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2003ஆம் ஆண்டிலேயே இவ்விஷயம்பற்றி அறிக்கை வெளியிட்டது. செல்வந்த நாடுகளிலும் நீண்டகால நோய்களுக்கான மருந்தொழுங்கு சராசரியாகப் பாதியளவே என்றது. பொறுப்பு நோயாளியுடையது மட்டுமே என்பது தவறான எண்ணம் என்றும் கூறிற்று. படித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. எனினும் திட்டம் தீட்டும்போது செலவு குறைந்த பகுதியை, அதாவது நோயாளிக்குப் புத்தி சொல்வதை, முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே கண்டியில் இத்தகைய பரீட்சை ஒன்று நடக்குமானால் வரவேற்கிறேன். ஆனால் அளக்கப்பட வேண்டியவற்றின் பட்டியல் நீள வேண்டும். அந்த மாதம் ஜன்னலில் மருந்து இருந்ததா? வைத்தியர் எத்தனை நிமிடம் கொடுத்தார்? எந்த மொழியிற் பேசினார்? கிளினிக் நாளுக்குத் தோட்டம் பேர் போட்டதா? துணைநிற்கும் உதவியாளர் லயத்துப் பிள்ளைகளுட் படித்த ஒருவராக இருந்தாரா, அவருக்குச் சம்பளம் உண்டா, பரீட்சை முடிந்து பணம் தீர்ந்தபின் அவர் எங்கே போனார்? ஒரு பிரிவினருக்கு ஆறுதல் மொழி மட்டும், மறு பிரிவினருக்கு ஆறுதல் மொழியுடன் கிளினிக் நாட்சம்பளமும் பஸ் கட்டணமும் என்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்க யாரேனும் துணிவார்களா? முடிவு எவ்வாறு வருமென்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகத்தை நம்பவேண்டாம், பரீட்சித்துப் பாருங்கள் என்றே கேட்கிறேன். ஹந்தானை மலை பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைமேலேதான் நிற்கிறது. மருத்துவ பீடத்து மாணவர்கள் ஒரு கிளினிக் நாளில், காலை ஆறு மணிக்கு, லயத்திலிருந்து ஒரு நோயாளியுடன் புறப்பட்டு மாலையில் அவருடன் திரும்பி வரட்டும். கேள்வித்தாளை அதன்பிறகு எழுதலாம்.